அடியும் நுனியும்: கோல் மூலக்கூறுகள் ஒரே திசை பார்க்கும்போது

ஐடிஓ (மின்சாரம் கடத்தும், ஒளிபுகும் பூச்சு) பூசிய கண்ணாடியில் இரண்டு பட்டைகள், நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதில் ஒரு துளி திரவப் படிகம், மேலே மூடுகண்ணாடி. எல்லாம் சூடேற்றும் மேடைமேல், குறுக்குப் போலராய்டுகள் வைத்த நுண்ணோக்கிக்குக் கீழே. இரண்டு பட்டைகளிலும் பெட்டிக்கடையில் விற்கும் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை இணைத்துப் பாருங்கள். பிறகு ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி இணையுங்கள்.

உள்ளே இருப்பது கைப்பேசித் திரைகளில் இருக்கிற சாதாரண நெமாட்டிக் (கோல் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும் திரவப் படிகம்) என்றால் இரண்டு முறையும் ஒன்றும் நடக்காது. செ.மீ.-க்கு 15 வோல்ட் அதற்குப் போதாது. புலத்தை நூறு மடங்கு ஏற்றினால் அசையும், ஆனால் ப்ளஸ் எந்தப் பக்கம், மைனஸ் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. புலத்தின் இருமடிக்குத்தான் அது பதில் சொல்லும். உள்ளே ஃபெரோஎலக்ட்ரிக் நெமாட்டிக் இருந்தாலோ, பேட்டரியை மாற்றிய கணமே படம் புரளும். ஒரு பகுதி அப்படியே இருக்க, பக்கத்துப் பகுதி கலங்கித் திரும்பும். திரும்ப மாற்றினால் கதை தலைகீழ். கொஞ்ச நேரத்தில் அயனிகள் போய் மின்வாய்களில் ஒட்டிப் புலத்தை மறைத்துவிடுவதால் காட்சி மங்கிவிடும். ஆகவே மாற்றும் கணத்தில் கண் நுண்ணோக்கியில் இருக்க வேண்டும்.

ஈர்க்குமாறு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் உள்விவரம் பாதி தெரிந்ததுதான். கிழித்த ஈர்க்குகளை முற்றத்தில் வாரிப் போட்டால் ஏறக்குறைய ஒரே போக்கில் கிடக்கும், அடியும் நுனியும் மட்டும் கலந்து கிடக்கும். சாதாரண நெமாட்டிக் அப்படித்தான்: கோல்கள் இணையாக இருக்கும், ஆனால் பாதி இந்தப் பக்கம் பார்க்கும், பாதி அந்தப் பக்கம். கட்டும்போது ஆச்சிகள் அடிகளையெல்லாம் ஒரே பக்கம் தட்டிச் சேர்த்துத்தான் கயிறு சுற்றுவார்கள். எல்லா அடியும் ஒரு பக்கம், எல்லா நுனியும் மறுபக்கம் என்று ஆகி, அப்போதும் பொருள் ஓடும் திரவமாகவே இருந்தால் அதுதான் ஃபெரோஎலக்ட்ரிக் நெமாட்டிக். கயிறு மட்டும் இல்லை. கயிறில்லாமல் அடிகள் ஏன் ஒரு பக்கம் சேர்கின்றன என்ற கேள்விக்குத்தான் நூறாண்டு பிடித்தது.

1916-இல் மாக்ஸ் போர்ன் இப்படி ஒரு நிலை இருக்கலாம் என்று சொன்னார். மூலக்கூறின் ஒரு முனை ப்ளஸ், மறுமுனை மைனஸ் என்று இருந்தால் அது இருமுனை; நெமாட்டிக் ஒழுங்கே இந்த இருமுனைகளால்தான் வருகிறது என்பது அவர் எண்ணம். இருமுனைத் திருப்புத்திறன் (இருமுனையின் வலிமை) இல்லாத மூலக்கூறுகளும் நெமாட்டிக் ஆனதால் அந்த விளக்கம் அடிபட்டுப் போனது. அதோடு சேர்த்து அவர் சொன்ன நிலையையும் பலர் மறந்தார்கள். 1975-இல் ராபர்ட் மேயரும் கூட்டாளிகளும் சுற்றுவழியில் வந்தார்கள்: மூலக்கூறு கைரலாக (இடக்கை, வலக்கைபோல் தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாததாக) இருக்க வேண்டும், அடுக்கடுக்காக நிற்க வேண்டும், அடுக்குக்குள் சாய்ந்து நிற்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் சமச்சீர் உடைந்து, கோலுக்குக் குறுக்காகக் கொஞ்சம் முனைவாக்கம் (இருமுனைகள் ஒரே பக்கம் பார்ப்பதால் சேரும் மொத்த விளைவு) தலைகாட்டும். ச.செ.மீ.-க்குச் சில நானோகூலூம், அவ்வளவுதான். கோலின் நீளத்தோடு ஓடும் முனைவாக்கம், அதுவும் அடுக்கு இல்லாத, கைரல் அல்லாத திரவத்தில், 2017-இல்தான் கைக்கு வந்தது. ஜப்பானில் நிஷிகாவா குழு டிஐஓ என்ற சேர்மத்தையும், இங்கிலாந்தின் யார்க்கில் மாண்டில் குழு ஆர்எம்734-ஐயும் தனித்தனியாக வெளியிட்டன. ஆர்எம்734-இல் குறைந்த வெப்பநிலையில் வரும் நெமாட்டிக் நிலை உண்மையிலேயே ஃபெரோஎலக்ட்ரிக் என்று 2020-இல் கொலராடோவின் போல்டர் குழு காட்டியது. முனைவாக்கம் ச.செ.மீ.-க்குச் சுமார் 6 மைக்ரோகூலூம், புரட்டுவதற்குச் செ.மீ.-க்கு ஒரு வோல்ட் அளவிலான புலமே போதும்.

இந்த 6 என்ற எண்ணை நம்பலாமா என்பதைத் தாளில் சரிபார்க்கலாம். ஆர்எம்734-இன் மூலக்கூறு நிறை 423. அடர்த்தியைக் கன செ.மீ.-க்கு 1.3 கிராம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு கன செ.மீ.-இல் 1.85 × 10²¹ மூலக்கூறுகள். ஒவ்வொன்றின் இருமுனைத் திருப்புத்திறன் சுமார் 11 டிபை (அதற்கான அலகு). எல்லாமே பிசகாமல் ஒரே பக்கம் பார்த்தால் ச.செ.மீ.-க்கு 6.8 மைக்ரோகூலூம் வர வேண்டும். கிடைப்பது 6. ஆக, பத்தில் ஒன்பது பங்கு ஒழுங்கு. ஃபெரோஎலக்ட்ரிக் குணம் முதன்முதலில் தெரியவந்த ரோஷல் உப்பில் இந்த எண் வெறும் 0.25 என்பதை நினைத்துப் பாருங்கள். ஓடுகிற திரவம் ஒரு திடப் படிகத்தைத் தாண்டிப் போயிருக்கிறது.

சரி, கயிறு எது? பள்ளிப் பாடத்து இருமுனை இங்கே உதவாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இருமுனைகள் எதிரெதிராகப் படுக்கவே விரும்பும். சந்தைக்கு ஏற்றும்போது ஈர்க்குமாறுகளை அடி நுனி மாற்றி அடுக்கினால் கட்டு மட்டமாக இருக்குமே, அதுபோல. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் என்.வி. மதுசூதனா 2021-இல் தந்த மாதிரி எனக்குப் பிடித்த விளக்கம். கோலை இரு முனைகளில் மட்டும் மின்னூட்டம் உள்ள குச்சியாகப் பார்க்காமல், நெடுகிலும் ப்ளஸ், மைனஸ், ப்ளஸ், மைனஸ் என்று அலையாக மின்னூட்டம் ஓடும் கழியாகப் பார்க்கிறார். ஒரே திசை பார்க்கும் இரண்டு கழிகளில் ஒன்று சற்று நகர்ந்து நின்றால் இதன் ப்ளஸ்ஸுக்கு நேரே அதன் மைனஸ் வந்து பொருந்தும். கழியின் முனைகளில் அலையின் உயரம் குறைவாக இருந்தால், எதிரெதிராகப் படுப்பதைவிட இப்படி நகர்ந்து ஒரே திசையில் படுப்பது மலிவாகிவிடுகிறது. ஆர்எம்734-இன் வடிவம் இதற்கு ஒத்துப்போகிறது: ஒரு முனையில் நைட்ரோ, நடுவே இரண்டு எஸ்டர் இணைப்புகள், மறுமுனையில் மெத்தாக்ஸி, பக்கவாட்டில் இன்னொரு மெத்தாக்ஸி. பக்கவாட்டில் துருத்தி நிற்கும் அது கோல்கள் மிக நெருங்கிப் படுக்காமல் தடுக்கிறது. வழக்கமான திரவப் படிகங்களில் வால்போல் தொங்கும் நீண்ட கார்பன் சங்கிலி இங்கே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

தயாரிப்பைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டு எஸ்டர் பிணைப்புகளையும் கார்போடைஇமைடு வழியில் போடலாம், எம்.எஸ்சி. ஆய்வகத்துக்கு அது புதிதல்ல. நடுவே பென்சைல் பாதுகாப்பை ஹைட்ரஜன் கொடுத்து நீக்கும் வழியில் போனால், நைட்ரோ உள்ள துண்டைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் ஹைட்ரஜன் நைட்ரோவையும் அமீனாக்கிவிடும். கிடைக்கும் நைட்ரோஃபீனைல் எஸ்டர் ஈரத்தோடும் அமீன்களோடும் எளிதில் வினைபுரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குப்பியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் நைட்ரோஃபீனால் பிரிந்து மஞ்சள் ஏறும், அயனிகள் பெருகும். சிலிக்கா ஜெல் போட்ட வெற்றிடக் குடுவையில் வையுங்கள், தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள்.

இனி, செல் எனப்படும் கூடு, அதாவது திரவத்தை நடுவே அடைக்கும் இரண்டு கண்ணாடிகள். பெரும்பாலான தவறுகள் நடக்கும் இடம் இதுதான்.

ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு சிமெண்டின் குணமல்ல, அடியில் வைத்த கண்ணாடியின் குணம். வண்ணக் கலவையைக் கண்ணாடிமேல் ஊற்றிக் காயவைத்துப் பிரித்தால், கண்ணாடி எப்படியோ கல்லும் அப்படி. திரவப் படிகமும் சுவரைப் படியெடுக்கும். பாலிஇமைடு என்ற பாலிமரை மெல்லியதாகச் சுழற்றிப் பூசி, சுட்டு (பலவற்றுக்கு 230 டிகிரியில் ஒரு மணி நேரம், குப்பியோடு வரும் தாளில் உள்ளதே இறுதி), வெல்வெட் துணியால் ஒரே போக்கில் தேய்க்க வேண்டும். சாதாரண நெமாட்டிக் தேய்த்த கோட்டை மட்டும் பார்க்கும். துணி கிழக்கிலிருந்து மேற்கே போனதா, மேற்கிலிருந்து கிழக்கே வந்ததா என்பது அதற்கு அவ்வளவு முக்கியமில்லை. ஃபெரோஎலக்ட்ரிக் நெமாட்டிக் துணி போன திசையையும் பார்க்கும்.

இதனால் வரும் குளறுபடி ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் ஆயத்தச் செல்களில் இரண்டு கண்ணாடிகளும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் தேய்க்கப்பட்டிருக்கும். சாதாரண நெமாட்டிக்குக்கு அதுவே நல்லது. இந்தத் திரவத்தை அதில் விட்டால், கீழ்ச்சுவர் ஒரு பக்கம் பார்க்கச் சொல்லும், மேல்சுவர் மறுபக்கம் பார்க்கச் சொல்லும். நடுவில் மூலக்கூறுகள் அரைச்சுற்று முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு இடம்புரியாகவும் இருக்கலாம், வலம்புரியாகவும் இருக்கலாம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். போலராய்டுகள் சரியாகக் குறுக்கே இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒன்றைச் சில டிகிரி திருப்பினால் ஒரு வகை வெளுக்கும், மற்றது கறுக்கும். முறுக்கே வேண்டாம் என்றால் இரண்டு கண்ணாடிகளையும் ஒரே திசையில் தேய்த்த செல் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது நீங்களே தேய்த்து ஓரத்தில் வைரப் பேனாவால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். அம்பு போட மறந்த கண்ணாடியைத் திரும்பப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஐந்து மைக்ரான் இடைவெளிக்குச் சிலிக்கா உருண்டைகள், ஓரத்தில் பசை. 190 டிகிரியைத் தாங்காத பசை என்றால் அது உருகி திரவத்தில் கலக்கும். நம் பக்கத்துச் செம்மண் தூசி இருபது மைக்ரானைச் சாதாரணமாகத் தாண்டும். ஒரு துகள் போதும், இடைவெளி ஆப்பு வடிவத்தில் சாய்ந்துவிடும். ஒட்டிய பிறகு வெறும் செல்லின் இடைவெளியை ஒளிக் குறுக்கீட்டுப் பட்டைகளால் அளந்து எழுதிவையுங்கள், மின்தேக்குத்திறனையும் எழுதிவையுங்கள். 5 மி.மீ.-க்கு 5 மி.மீ. பரப்பும் 5 மைக்ரான் இடைவெளியும் என்றால் 44 பிகோஃபாரட் வர வேண்டும். ஒரு மீட்டர் கோஆக்சியல் கம்பிக்கே ஏறக்குறைய 100 பிகோஃபாரட் உண்டு என்பதால், கம்பியின் முனைகளைத் திறந்துவைத்தும் ஒன்றோடொன்று சேர்த்தும் அளந்து ஈடுசெய்யாமல் எடுத்த வெற்றுச்செல் எண் பயன்படாது.

நிரப்புவது எளிது. ஆர்எம்734 சுமார் 188 டிகிரியில் சாதாரணத் திரவமாகும். அதற்குச் சற்று மேலே வைத்துச் செல்லின் வாயில் தொட்டால் தானே உறிஞ்சிக்கொள்ளும். நிரம்பியதும் இறக்கிவிடுங்கள், மேலே நிறுத்தி வைக்க வேண்டாம். குளிர்விக்கும்போது நெமாட்டிக் வரும், 133 டிகிரிக்கு அருகில் ஃபெரோஎலக்ட்ரிக் நிலை வரும். இந்தப் பொருளின் உருகுநிலை 140 டிகிரி ஒட்டி. அதாவது நாம் பார்க்க வேண்டிய நிலை உருகுநிலைக்குக் கீழே, மீக்குளிர்ந்த திரவமாகத்தான் கிடைக்கிறது. மேடை நடுவில் மின்வெட்டால் அணைந்தால் படிகமாக உறைந்துவிடும், மறுபடி 140-க்கு மேல் ஏற்றித் தொடங்க வேண்டும். மேடைக்கு ஒரு யுபிஎஸ் போடுவது வீண்செலவல்ல. இந்தச் சிரமமே வேண்டாம் என்பவர்களுக்கு, அறை வெப்பநிலையிலும் ஃபெரோஎலக்ட்ரிக் நெமாட்டிக்காக இருக்கும் பொருள் ஒன்றை மெர்க் நிறுவனத்தார் 2021-இல் வெளியிட்டார்கள்.

இப்போது மின்தேக்குத்திறன் மீட்டரை இணைக்கலாம். முதல் ஆய்வுக் கட்டுரைகளில் ஒப்பு விடுதிறன் (வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு மின்னூட்டம் தேக்கும் என்ற எண்) பத்தாயிரம் என்று வந்ததைப் படித்தவர்கள், தங்கள் செல்லிலும் பத்தாயிரம் வருமென்று உட்கார்வார்கள். பாலிஇமைடு பூசிய செல்லில் அது வராது. பூசாத செல்லில் வரும். அந்த எண் பெரும்பாலும் திரவத்துடையது அல்ல என்பதே என் கட்சி.

காரைக்குடியில் இதைச் சொல்வது மற்ற ஊர்களைவிடச் சுலபம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. மின்வேதியியல் படித்த யாரிடமும் மின் இரட்டை அடுக்கைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கடத்தும் கரைசலில் இரண்டு தகடுகளை வைத்து மின்தேக்குத்திறன் அளந்தால் வருவது கரைசலின் விடுதிறன் அல்ல, தகட்டை ஒட்டிய சில நானோமீட்டர் அடுக்கின் மின்தேக்குத்திறன். ஃபெரோஎலக்ட்ரிக் நெமாட்டிக்கும் அப்படியே நடந்துகொள்கிறது. சிறு புலத்துக்கே முனைவாக்கம் திரும்பி, மின்னூட்டத்தைச் சுவர் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. மொத்தத் திரவமும் ஒரு கம்பிபோல ஆகிவிடுகிறது. மீதி இருக்கும் மின்தேக்கி சுவரில் உள்ள மின்காப்பு அடுக்கு மட்டுமே.

கணக்கைப் போடுங்கள். இரண்டு பக்கமும் 50 நானோமீட்டர் பாலிஇமைடு, அதன் விடுதிறன் 3.5. மொத்தம் 100 நானோமீட்டர். மீட்டரோ இடைவெளி 5 மைக்ரான் என்று நம்பி வகுக்கிறது. ஆகவே திரையில் தெரியும் விடுதிறன் 3.5-ஐ 5000-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தது: 175. பாலிஇமைடே இல்லாமல் இரண்டு பக்கமும் சேர்த்து 2 நானோமீட்டர் அளவில் விடுதிறன் 3 உள்ள அடுக்கு இருந்தால் 7500. இரண்டு எண்ணிலும் திரவத்தைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை.

உங்கள் செல்லில் நடப்பது இதுதானா என்று அறியச் சுலபமான வழி, ஒரே பூச்சோடு 5, 10, 20 மைக்ரான் செல்கள் மூன்றைச் செய்வது. விடுதிறன் பொருளின் குணமென்றால் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 175, 350, 700 என்று இடைவெளியோடு ஏறினால் அளந்தது சுவரை. தளர்வு அதிர்வெண்ணும் (அளந்த விடுதிறன் சரியத் தொடங்கும் அதிர்வெண்) காட்டிக்கொடுக்கும்: திரவத்தின் மின்தடை இடைவெளியோடு கூடும், சுவரின் மின்தேக்குத்திறன் மாறாது, ஆகவே அதிர்வெண் இடைவெளிக்கு எதிர்விகிதத்தில் இறங்கும். போல்டர் குழு இந்தப் பார்வையை விரிவாக எழுதியிருக்கிறது. ஒப்பாதவர்களும் உண்டு, விவாதம் முடியவில்லை. ஆனால் ஒரே ஒரு தடிமனில் அளந்துவிட்டு ‘பிரம்மாண்ட விடுதிறன்’ என்று தலைப்பு வைப்பதை இனியும் ஏற்கக் கூடாது.

இன்னொரு போலித் தளர்வு ஐடிஓவிலிருந்து வரும். செல் இப்போது 44 பிகோஃபாரட்டின் 175 மடங்கு, ஏறக்குறைய 7.7 நானோஃபாரட். ஐடிஓ வழியில் 100 ஓம் தடை இருந்தால் 200 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அழகான ஒரு முகடு தெரியும். மூலக்கூறு எதுவும் அங்கே சுழலவில்லை. செல்லோடு தொடராக இன்னொரு 100 ஓம் மின்தடையைச் சேர்த்துப் பாருங்கள், முகடு பாதி அதிர்வெண்ணுக்கு இறங்கினால் அது ஐடிஓவின் வேலை.

முனைவாக்கத்தை அளப்பதிலும் இதே பாலிஇமைடு குறுக்கே நிற்கிறது. மேல்-கீழ் மின்வாய் உள்ள செல்லில் 6 மைக்ரோகூலூம் முழுவதையும் நிமிர்த்த வேண்டுமானால், அந்த மின்னூட்டம் 100 நானோமீட்டர் பாலிஇமைடின் மேல் ஏறி நிற்க வேண்டும். அதற்கு வேண்டிய மின்னழுத்தம் சுமார் 190 வோல்ட். பாலிஇமைடு அதற்கு முன்பே கிழிந்துபோகும். பத்து வோல்ட் கொடுத்துவிட்டு ‘முனைவாக்கம் 0.3 மைக்ரோகூலூம்தான் வருகிறது, பொருள் சுத்தமில்லை போலும்’ என்று மறுபடி படிகமாக்கப் போனால் நாள்தான் வீணாகும்.

அதனால் தொடக்கத்தில் சொன்ன பக்கவாட்டு மின்வாய்ச் செல்லையே எடுங்கள். ஐடிஓவில் இடைவெளி வெட்ட, வேண்டிய இடத்தை டேப்பால் மூடி, மற்ற இடத்தில் துத்தநாகத் தூள் தூவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பஞ்சால் துடைத்தால் போதும். புகைபோக்கிக்குள் செய்யுங்கள். மின்வாய் உள்ள கண்ணாடிக்குப் பூச்சு வேண்டாம். எதிர்க் கண்ணாடியில் மட்டும் பாலிஇமைடு பூசி, இடைவெளியைக் கடக்கும் திசையில் தேய்க்கலாம். நேர் திசையிலிருந்து சில டிகிரி விலக்கித் தேய்ப்பது நல்லது. முனைவாக்கம் புலத்துக்குச் சரியாக எதிராக நின்றால் திருகுவிசை பூச்சியமாகி, எந்தப் பக்கம் சுழல்வது என்று தெரியாமல் கண்டபடி உடையும்.

தடிமன் 10 மைக்ரான், மின்வாய் நீளம் 5 மி.மீ. என்றால் புரளும் மின்னூட்டம் 6 நானோகூலூம் (முனைவாக்கம் +6-இலிருந்து −6-க்குப் போவதால் இருமடங்கு). பத்து மில்லிசெகண்டில் புரண்டால் சராசரி 0.6 மைக்ரோஆம்பியர். ஒரு மெகாஓம் மின்தடையில் 0.6 வோல்ட் வருமென்று எதிர்பார்த்து ஆசிலாஸ்கோப்பை வைத்தால் 0.3 தான் தெரியும், ஆசிலாஸ்கோப்பின் உள்தடையும் ஒரு மெகாஓம் என்பதால். ஒன்று அதைக் கணக்கில் சேருங்கள், அல்லது மின்னோட்டப் பெருக்கி வையுங்கள். கிடைக்கும் மின்னோட்ட மேட்டில் அயனிகளின் பங்கும் கலந்திருக்கும். அதே அலையை 140 டிகிரியில், சாதாரண நெமாட்டிக் நிலையில் கொடுத்துப் பாருங்கள், அங்கே தெரியும் மேடு முழுக்க அயனி. பிறகு அதிர்வெண்ணை மாற்றுங்கள். முனைவாக்கத்தின் மின்னூட்டம் மாறாது, அயனியுடையது மாறும்.

நுண்ணோக்கியில் நேரம் செலவழிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தத் திரவம் வளைவை விரும்பும், விசிறிபோல் விரிவதை வெறுக்கும். விரிந்தால் முனைவாக்கம் ஓரிடத்தில் குறைந்து அங்கே மின்னூட்டம் தேங்கும், அதற்கு ஆற்றல் செலவு அதிகம். அதனால்தான் தேய்க்காத கண்ணாடிகளுக்கு நடுவே வட்ட வளைவுகளும், அவை சந்திக்கும் எல்லைகளில் பரவளைய, அதிபரவளையக் கோடுகளும் தெரிகின்றன. மின்னூட்டத்தின் வலிமை இன்னும் முரட்டுத்தனமாகத் தெரிய வேண்டுமென்றால் லித்தியம் நியோபேட் படிகத்தின்மேல் ஒரு துளி போதும். 2022-இல் வெளியான சோதனைகளில், துளி ஃபெரோஎலக்ட்ரிக் நிலைக்குக் குளிர்ந்ததும் நிலைகுலைந்து பக்கவாட்டில் தாரைகளாகப் பீய்ச்சியது.

செல்லின் ஆயுள் பற்றி: முதல்முறை குளிர்விக்கும்போதே 133 டிகிரி மாறுதலைப் பத்தில் ஒரு டிகிரி துல்லியத்தில் குறித்துவையுங்கள். நாள் முடிவில் மறுபடி பாருங்கள். ஒரு டிகிரி இறங்கியிருந்தாலோ, வெள்ளைத் தாள்மேல் வைக்கும்போது மஞ்சள் கூடியிருந்தாலோ, அன்றைய பிற்பகல் அளவீடுகளைத் தனிக் கோப்பில் ஒதுக்கிவிட்டுப் புதுச் செல் நிரப்புங்கள்.